அங்கீகாரத்துக்காகப் போட்ட கள்ளக் குரல்கள்

கள்ளக் குரலில் தொலைபேசி எடுத்து, இல்லாத கவலையைச் சொல்லி அழுவதும் ஒரு உத்தியோகம்தான். அதற்கும் நேரத்துக்கு வரவேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு இடைவேளை உண்டு.

இதை வாசிக்கிற நீங்களும் என்னைப் போல அடிபட்டவர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு டொக்டரிடம் டேர்மின், அதுதான் சந்திக்கிற நேரம், கேட்டு அழைத்திருப்பீர்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு பெண் குரல் சொல்லியிருக்கும். பிறகு ஒரு பியானோ. பிறகு திரும்பவும் அந்தப் பெண். இப்போது பாத்திரம் கழுவும்போது அந்தப் பியானோவை முணுமுணுக்கிற நிலைக்கு வந்திருப்பீர்கள். அந்தப் பெண் குரலை நான் அச்சொட்டாகச் செய்வேன். வீட்டில் அம்மா "மிது, குப்பையைக் கொண்டுபோய்ப் போடு" என்றால், "உங்களுக்கு முன்னால் பலர் காத்திருக்கிறார்கள், தயவுசெய்து இணைப்பில் இருங்கள்" என்று அந்தக் குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

உங்களுக்கு ஒரு சிரிப்புத் தருவதாக வாக்குக் கொடுக்கிறேன். நல்ல சிரிப்பு, கேட்டால் மறக்கமாட்டீர்கள். ஆனால் இப்போது தரமாட்டேன். அது என் சிரிப்பும் இல்லை, அதையும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் இணைப்பில் இருங்கோ. பியானோ வேண்டுமென்றால் நான் வாயால் வாசிக்கிறேன்.

கேக் இருக்கிறது

பள்ளி முடித்த கையோடு ஒரு வருடம் எங்கேயாவது சமூகசேவை செய்வது இங்கே ஜெர்மனியில் வழக்கம். நான் எசன் நகரில் ஒரு மனநல நிலையத்தில் சேர்ந்தேன். பெரிய ஆஸ்பத்திரி என்று நினைக்காதேங்கோ. கீழே மருந்துக்கடை, எதிரில் ட்றாம் தரிப்பு, இரண்டாம் மாடியில் நாங்கள். மனம் நொந்த ஒருவர் ட்றாமில் இருந்து இறங்கி நேரே படியேறி வந்துவிடலாம். கடதாசிகளைப் பிரித்து அடுக்குவதும், கோப்பி மெசினுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. இரண்டிலும் கற்பனைக்கு இடமில்லை.

நிலையத்தின் தலைவி ஃபிறவ் லீனர்ட்; ஃபிறவ் என்றால் திருமதி. நல்ல உயரம், எந்த வசனத்தையும் "ஸோ" என்றுதான் தொடங்குவார். அந்த "ஸோ" பிடிபட்டால் ஆளே பிடிபட்ட மாதிரி. ஒரு நாள் பொறுக்க ஏலாமல், உள் தொலைபேசியில் எல்லா அறைக்கும் அவர் குரலில் அறிவித்தேன்: "ஸோ. சமையலறையில் கேக் இருக்கிறது. பிந்தி வருகிறவர்களுக்குத் தட்டு மட்டும்." முழு நிலையமும் ஓடி வந்தது. கடைசியாக ஓடி வந்தவர் ஃபிறவ் லீனர்ட், கையில் சொந்த முள்ளுக்கரண்டியோடு. தன்னுடைய அறிவித்தலைத் தானே நம்பி வந்திருக்கிறார், பாவம்.

வெறும் மேசையைப் பார்த்தார். என் கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார். என் சேவை அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் முள்ளுக்கரண்டியை என் பக்கம் நீட்டினார். "ஸோ. உனக்குள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள்? எனக்கு எல்லோரும் வேண்டும்."

மாநிலம் எழுதிய வசனம்

ஏன் வேண்டும் என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் தெரிந்தது. மாநிலத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. எங்களைப் போன்ற நிலையங்கள் இனி மாநிலத்தின் அங்கீகாரம் வாங்கவேண்டும். எங்களிடம் ஒரு தமிழ்த் தொலைபேசி இருந்தது, பரீட்சார்த்தமாக. அங்கீகாரம் வந்தால் அது நிலைக்கும். வராவிட்டால் அந்த மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூச்சாடி வைப்பார்கள்.

மேசைக்கு உரியவர் வசந்தி அக்கா. இங்கேயே படித்து, இந்த வேலைக்கென்றே பயிற்சி எடுத்தவர். மேசை போனாலும் அக்காவுக்கு வேறு வேலை கிடைக்கும். ஆனால் அந்தத் தொலைபேசியில் அழைக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஜெர்மனில் ட்றாம் டிக்கெட் எடுப்பார்கள், வாடகைவீடு தேடுவார்கள், மேலதிகாரியோடு சண்டையும் பிடிப்பார்கள். "எனக்கு நித்திரை வருதில்லை, பயமாயிருக்கு" என்பதை மட்டும் தமிழில்தான் சொல்வார்கள். அதையும் "விசர் எண்டு கதைப்பினம்" என்று, பைத்தியப் பட்டத்துக்குப் பயந்து, நெடுங்காலம் விழுங்கிவிட்டுத்தான் சொல்வார்கள். பூச்சாடியிடம் சொல்ல ஏலாது.

சட்டம் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் வாகனம் நிறுத்தக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடக்கூடாது. ஃபிறவ் லீனர்ட் வாசிக்க வாசிக்க நான் பாணைக் கடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்திருந்தேன். அப்போது ஒரு வசனம் வந்தது. உதவி கேட்டு வருகிற ஒருவரும் அட்டை இல்லை, முகவரி இல்லை, மொழி இல்லை என்ற காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்படக்கூடாது. நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன். கழுத்துப்பட்டி கட்டிய ஆட்கள் ஒரு மண்டபத்தில் தண்ணீர்க் கிளாசுக்கு முன்னால் இருந்து, கையை உயர்த்தி, இதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். எல்லாக் குரலையும் செய்கிற எனக்கு அந்த வசனத்தை எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த பக்கத்தில் சோதனை முறை. ஒரு பரிசோதகர் நேரில் வருவார். அது போதாதென்று, மாநிலம் நோயாளி மாதிரி நடிக்கிற ஒரு ஆளைக்கொண்டு சொல்லாமல் அழைப்பிக்கும். அவர்களுடைய கள்ளன் வருவதற்குள் எங்களுடைய கள்ளியை வைத்துப் பழகுவோம் என்று ஃபிறவ் லீனர்ட் என்னைக் காட்டினார். வசந்தி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒருத்தரையும் திருப்பி அனுப்பக்கூடாது எண்டால், வருஷம் முடிஞ்சாலும் மிதுவை வீட்ட அனுப்பேலாதோ?"

பேரின்பம் மாமா

சாமான் அறைதான் என் கலையரங்கம். உடைந்த கதிரைகள், நத்தார்ப் பண்டிகைக்கு வைக்கிற பிளாஸ்டிக் மரம், பழைய மின்விசிறி, நான். முதல் ஆளாகப் பேரின்பம் மாமாவைச் செய்தேன். அப்படி ஒரு மாமா எனக்கு இல்லை, ஆனால் உங்கள் எல்லோரிடமும் ஒருவர் இருப்பார். கலியாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். எதற்கும் "எனக்குத் தெரியும்" என்பார். அந்தத் தொண்டைச் செருமலோடு தொடங்கினேன். "ஹலோ, எனக்கு ஒண்டும் இல்லை, சும்மா ஒரு விசாரணைக்கு எடுத்தனான். நீங்கள் என்ன, விசர் ஆஸ்பத்திரியோ?"

வசந்தி அக்கா கோபிக்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. "அண்ணை, இப்ப நிக்கிறியளோ, இருக்கிறியளோ?" என்று கேட்டார். இப்படி ஒரு கேள்விக்கு நான் வசனம் தயாரிக்கவில்லை. நிற்கிறேன் என்றேன். "அப்ப ஒருக்கா இருங்கோ. நானும் கதிரையை இழுத்துக்கொண்டு வாறன்." கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் நத்தார் மரத்துக்குப் பக்கத்தில் தரையில் குந்தினேன். பிறகு சாப்பிட்டீர்களா என்று கேட்டார். யாரோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். நான் வீராப்பாக "தனியத்தான், அதுக்கென்ன" என்றேன். மறுபக்கம் அமைதி. சும்மா இருக்கிற அமைதி இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிற அமைதி. அதற்குள் பேரின்பம் மாமா அழத் தொடங்கிவிட்டார். சத்தியமாக, நான் எழுதிவைத்த கதையில் அழுகை இல்லை. அவர் தன் பாட்டுக்கு அழுதார், நான் பிடித்து நிறுத்தப் பார்த்தும் நிற்கவில்லை.

பிறகு ஃபிறவ் லீனர்ட் போய் அக்காவிடம் உண்மையைச் சொன்னார். அக்கா நேரே சாமான் அறைக்கு வந்து கதவைத் திறந்தார். அடி விழும் என்று மின்விசிறியைக் கேடயமாகப் பிடித்தேன். அக்கா கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். "அந்த அண்ணைக்கு ஆள் தேவை, மிது. உண்டாக்கினது நீதானே, இனி அவரைத் தனியச் சாப்பிட விடாத."

அட்டை

சிரிப்பு எங்கே என்று முணுமுணுப்பது கேட்கிறது. வருகிறது, வருகிறது. அதற்குள் தலைவியின் முறை.

இந்த நாட்டில் எந்த டொக்டரிடம் போனாலும், மூச்சுத் திணறிக்கொண்டு போனாலும், மேசைக்குப் பின்னால் இருக்கிறவர் கேட்கும் முதல் கேள்வி காப்பீட்டு அட்டை. உங்களுக்கே தெரியும், உங்கள் கையும் தானாகப் பைக்குள் போகும். ஆனால் இந்தச் சட்டத்தின்படி அந்தக் கேள்வி முதலில் வரக்கூடாது. முதலில் ஆள் ஆபத்தில்லாமல் இருக்கிறாரா, பிறகுதான் பேர், அதற்கும் பிறகுதான் அட்டை. இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எல்லாத் தொலைபேசிக்கும் மேலே ஒட்டியவர் ஃபிறவ் லீனர்ட். ஒட்டும்போது ஒட்டுநாடாவைப் பல்லால் கடித்துப் பிடித்தவள் நான்.

ஒரு நாள் வரவேற்பில் ஆள் இல்லை, அவரே தொலைபேசி எடுத்தார். நான் ஒரு ஜெர்மன் தாத்தாவாக, பல்செட் இடறுகிற வாயோடு, "அம்மணி, இன்று எனக்கு ஒன்றும் சரியாக இல்லை" என்றேன். ஃபிறவ் லீனர்ட் அந்தத் தாளுக்குக் கீழேயே நின்றுகொண்டு சொன்னார்: "ஸோ. உங்கள் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறதா?" பிறகு மூச்சை உள்ளே இழுத்தார். தாளை நிமிர்ந்து பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. தாத்தா மெதுவாக, "என்னிடம் பல்லே கடன் அம்மணி, அட்டைக்கு எங்கே போவேன்" என்றார். மத்தியானம் சாமான் அறைக்கு வந்து அவரே என் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று விழுந்தார். "ஸோ. நல்ல காலம், நான் உதவி கேட்டு என்னிடம் வரவில்லை."

கார்த்திக்

டுசல்டோர்ஃப் போகிற ரயிலில் காலையில் ஏறினால், முதுகுப்பை மாட்டிய இந்தியத் தமிழ் எஞ்சினியர்கள் நிறையப் பேர் வருவார்கள். காதில் கருவி, வாயில் பாதி ஆங்கிலம், "ஆக்சுவலி" இல்லாமல் வசனம் முடியாது. யாழ்ப்பாணத் தமிழில் வளர்ந்த எனக்கு அது தேன். காது நிறைய வாங்கிக்கொண்டு வந்து, டுசல்டோர்ஃபில் வேலை செய்கிற கார்த்திக்கைப் படைத்தேன். கார்த்திக் எதையும் நேரே சொல்லமாட்டான். "மேடம், ஆக்சுவலி நான் ஓகே தான்" என்று தொடங்கி, இந்த ஊரில் பில்டர் காபி கிடைக்காத கொடுமையைச் சொல்வான். மெசின் காபி தார் மாதிரி இருக்கிறதாம், பால் தண்ணியாம், கப் பெரிதாம், மனசு சின்னதாகிவிட்டதாம். எல்லாம் முடிந்து கடைசியில், போகிற போக்கில், "நைட்டு தூக்கம்தான் வரமாட்டேங்குது" என்பான்.

முதல் முறை அக்கா நம்பினார். அன்புடன், "தம்பி, இஞ்ச பில்டர் கோப்பி இல்லை, தேத்தண்ணிதான் இருக்கு. ஆனா வந்தால் இருந்து கதைக்கலாம்" என்றார். இரண்டாம் முறையும் நம்பினார். மூன்றாம் முறை நான் சோகத்தின் உச்சத்தில் இருக்கும்போது வெளியே ட்றாம் மணி அடித்தது. எனக்கு விளங்கவில்லை, அக்காவுக்கு விளங்கிவிட்டது: ஒரு காதில் யன்னல் வழியாக ஒரு மணி, மற்றக் காதில் தொலைபேசி வழியாக அதே மணி.

அங்கேயே பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. நித்திரை எப்போதிலிருந்து வருவதில்லை, வீட்டில் யார் இருக்கிறார்கள், சாக வேண்டும் என்ற யோசனை வந்ததா, ஒரு கேள்வியையும் விடவில்லை, அவசரப்படவும் இல்லை. கார்த்திக்கை நாளைக்கு வரச் சொல்லி நேரமும் கொடுத்தார். நான் நன்றி சொல்லி வைக்கப் போகும்போதுதான், அதே இரக்கமான குரலில் கேட்டார்: "கார்த்திக் தம்பி, உங்கட டுசல்டோர்ஃபிலயும் எங்கட ட்றாம்தான் ஓடுதோ?"

நீலக் கார்

அறைக்குள் இருந்தபடி ஆள் வரும் என்று பார்த்திருக்கக்கூடாது, ஆட்கள் கூடுகிற இடத்துக்கு நிலையம் போகவேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. தமிழர் கூடுகிற இடம் என்றால் ஊன்ட்றொப் ஊரின் தேர்த் திருவிழாதான். அம்மன் கோயிலடியில் கடைகளோடு கடையாகக் கூடாரம் போட்டோம். ஒரு பக்கம் தோசை, மறுபக்கம் சாறிக்கடை, நடுவில் "மனநலம்" என்று எழுதிய எங்கள் பதாகை. சனம் தோசைக்கடையில் இருந்து சாறிக்கடைக்கு எங்களைச் சுற்றி வளைத்துப் போனது. பதாகையைப் பார்த்த ஒரு தாய் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினார், பேய்ப்படம் போல.

எங்களிடம் ஒரு சின்ன ஒலிபெருக்கி இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. திருவிழா அறிவிப்பாளர்களின் அந்த இழுவைக் குரலில், "நீல நிறக் கார் உரிமையாளர் உடனடியாகச் சாறிக்கடைக்குப் பக்கத்துக் கூடாரத்துக்கு வரவும்" என்று அறிவித்தேன். வசந்தி அக்கா என் காதைப் பிடிப்பதற்குள் நீலக் கார் வைத்திருந்த அத்தனை பேரும் பதறியடித்து வந்துவிட்டார்கள். விசயம் விளங்கியதும் சிலர் ஏசினார்கள், சிலர் சிரித்தார்கள், நாங்கள் வைத்திருந்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. வேட்டி, சட்டை, கையில் அர்ச்சனைத் தட்டு. அக்கா மோர் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாங்கிக் குடித்தார். தேர் சுற்றிவிட்டு இருப்பிடத்துக்கு வருகிற சத்தம் கேட்டது, எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அவர் வெறும் கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டு அக்காவிடம் சொன்னார்: "பிள்ளை, என்ர கார் நீலமில்லை. எண்டாலும் கொஞ்ச நேரம் இதில இருந்திட்டுப் போகலாமோ?"

பரிசோதகர்

அவர் வந்த நாளில் ஃபிறவ் லீனர்ட் கோப்பி மெசினைக்கூட நேராகத் திருப்பி வைத்தார். பரிசோதகர் மெலிந்த மனிதர், மதியச் சாப்பாட்டைச் சொந்த டப்பாவில் கொண்டு வந்திருந்தார், மூக்கால் கதைத்தார். அந்த மூக்குக் குரலைக் கேட்டதும் நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். சமையலறைக்குள் போய், கதவைச் சாத்தி, கொஞ்சம் மட்டும் செய்து பார்த்தேன்.

கதவுகளைத் திறந்து பார்த்தார், தொலைபேசிகளைத் தொட்டுப் பார்த்தார். கடைசியாக வசந்தி அக்காவின் மேசைக்கு முன்னால் இருந்தார். "உண்மையாக உதவி தேவைப்படுகிறவரையும் விளையாட்டுக்கு அழைக்கிறவரையும் நீங்கள் எப்படிப் பிரித்தறிகிறீர்கள்?" என்று கேட்டார். என்னால்தான் இந்தக் கேள்வி என்று பட்டது. "பிரிக்கிறதில்லை. பிழைவிட்டால் எந்தப் பக்கம் பிழைவிடலாம் எண்டு முதலே முடிவெடுத்திட்டன்" என்றார் அக்கா, அழகான ஜெர்மனில். பரிசோதகர் பேனையை வைத்தார். பிறகு எடுத்து அதைச் சொல்லுக்குச் சொல் எழுதினார்.

போகும்போது, மாநிலத்தின் ஆள் இனி எந்த நாளும் அழைக்கலாம், எப்போது என்று தனக்கும் தெரியாது என்றார். அந்த அழைப்புக்கு நாங்கள் சொல்கிற பதிலில்தான் தமிழ்த் தொலைபேசியின் தலைவிதி இருக்கிறது என்றும் சொன்னார். கைகுலுக்கினார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "இன்னொன்று. சமையலறையில் என் குரலில் பேசிக்கொண்டிருந்தவரிடம் சொல்லுங்கள், நான் அவ்வளவு மூக்கால் பேசுவதில்லை."

வாக்குக் கொடுத்த சிரிப்பு

ட்றாம் மணியில் பிடிபட்ட பிறகும் கார்த்திக்கை நான் விடவில்லை, அக்காவும் விடவில்லை. கார்த்திக் அழைத்தால் அக்கா தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிடுவார். ஃபிறவ் லீனர்ட் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து கேட்பார். தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனாலும் தாளம் நன்றாயிருக்கிறது என்பார். நான் காபி புராணத்தைத் தொடங்கும் முன்னமே அக்கா, "பில்டர் கோப்பி இல்லை" என்று முந்திக்கொள்வார். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. ஆனால் கேள்விகளில் ஒன்றைக்கூட விளையாட்டாகத் தாண்டமாட்டார்.

மழை பெய்த ஒரு காலை. அக்கா இன்னொருவரோடு உள்ளறையில் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஃபிறவ் லீனர்ட் என்னை பேக்கரிக்கு அனுப்பிவிட்டு, தன் அறைக்குள் போய்விட்டார். பாண் பையை ஜாக்கெட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ட்றாம் தரிப்பில், கூரைக்கு வெளியே, ஒருவர் காதில் போனோடு நனைந்துகொண்டு நின்றார். கூரை இருக்கும்போது ஏன் நனைகிறார் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன்.

கதவைத் திறந்தேன். ஒலிபெருக்கியில் கார்த்திக் கதைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், ஆக்சுவலி நான் ஓகே தான். சும்மா கால் பண்ணேன்."

என் போன் என் பையில், என் வாய் மூடி இருக்கிறது, என் குரல் அங்கே மேசையில் இருந்து வருகிறது. யாரோ என் கார்த்திக்கைக் களவெடுத்துவிட்டான் என்ற கோபம்தான் முதலில் வந்தது, என் புத்தி அப்படி. அடுத்ததாக, இதுதான் மாநிலத்தின் ஆள் என்று நினைத்தேன். வசந்தி அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஃபிறவ் லீனர்ட், வழக்கம்போல; நான் பேக்கரிக்குப் போய் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அக்கா, சாத்தியிருந்த சாமான் அறைக் கதவை ஒரு விரலால் அவருக்குக் காட்டினார். நான் அதற்குள் இருக்கிறேனாம்.

"தம்பி, நிக்கிறியளோ, இருக்கிறியளோ?" என்றார் அக்கா.

"நிக்கிறேன் மேடம். மழைல."

"கூரை ஒண்டும் இல்லையோ பக்கத்தில?"

"இருக்கு. தெரியல மேடம். இங்கேயே நின்னுட்டேன்."

"சரி, நில்லுங்கோ. நான் லைனில நிக்கிறன். நித்திரை கொண்டியளோ?" இல்லை என்றது குரல். வீட்டில் யாரும் இல்லை, ஊரில் அம்மாவிடம் எல்லாம் நல்லாயிருக்கு என்று சொல்லியிருக்கிறாராம், தினமும் சொல்கிறாராம். நான் அசையவில்லை. பாண் பை ஜாக்கெட்டுக்குள் நொறுங்கியது. அக்கா, என் கார்த்திக்கிடம் கேட்ட அதே பாரத்தோடு கேட்டார்: "தம்பி, நேரா கேட்கிறன், நேரா சொல்லுங்கோ. சாக வேணும் எண்ட யோசினை இண்டைக்கு வந்ததோ?"

ஒலிபெருக்கியில் மழை மட்டும் கேட்டது. அப்போது ட்றாம் மணி அடித்தது, தொலைபேசிக்குள்ளும் அடித்தது, யன்னலுக்கு வெளியேயும் அடித்தது. அக்காவின் தோள் சிரிப்பில் ஒருமுறை குலுங்கியது. பிடித்துவிட்டாராம் என்னை. ஆனால் குரல் குலுங்கவில்லை, கேள்வியைத் திரும்ப எடுக்கவும் இல்லை. காத்திருந்தார்.

"காலைல வந்துச்சு மேடம்," என்றது குரல். "அப்புறம் உங்க நம்பர் ஞாபகம் வந்துச்சு. ட்ரெயின் ஏறிட்டேன்."

"நல்ல வேலை செய்தியள். இப்ப இருக்கோ அந்த யோசினை?"

"இப்போ உங்ககூட பேசிட்டு இருக்கேன்ல."

"ஓம். கதைப்பம். மேல வாங்கோ, டேர்மின் ஒண்டும் தேவையில்லை, அட்டையும் தேவையில்லை." அக்கா சாமான் அறைப் பக்கம் திரும்பி, அந்தக் கதவுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "முதலே சொல்லிப்போட்டன், இஞ்ச பில்டர் கோப்பி இல்லை. தேத்தண்ணிதான்."

மறுபக்கத்தில் இருந்து இருமல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. இன்னொன்று. அது இருமல் இல்லை. துருப்பிடித்த படலைக் கதவைத் திறக்கிற மாதிரி, நெடுநாள் பாவிக்காத ஒரு சிரிப்பு, இழுபட்டு இழுபட்டு, பிறகு விட்டுக்கொடுத்து, பெரிதாக வெளியே வந்தது. ட்றாம் தரிப்பில் மழைக்குள் நின்று ஒரு மனிதர் சிரிக்கிறார். இரண்டாம் மாடி யன்னல் வழியாகவும் அது கேட்டது.

"மேடம்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் காபியே கேக்கலையே!"

அக்கா திரும்பினார். வாசலில் நான், தலையில் இருந்து தண்ணீர் வடிய, நொறுங்கிய பாண் பையோடு. என்னைப் பார்த்தார். சாத்தியிருந்த சாமான் அறைக் கதவைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் இருந்த நிறமெல்லாம் போனதை நான் கண்டேன். அந்த முகத்துக்குக் கீழே இருந்து, ஒரு இழை மாறாமல், தொடக்கத்தில் இருந்த அதே குரல் வந்தது. எனக்கு எத்தனையோ குரல் தெரியும். அந்தக் குரலை இன்றைக்கும் செய்ய ஏலாது.

"அப்ப தேத்தண்ணிதான், தம்பி," என்றார், தொலைபேசியோடு ஏற்கனவே படியில் இறங்கிக்கொண்டு. "அசையாதேங்கோ, நான் கீழ வாறன்."

*

அங்கீகாரம் பிறகு வந்தது, தமிழ்த் தொலைபேசியும் மேசையும் அப்படியே இருக்கின்றன, மாநிலம் அனுப்பிய கள்ள ஆள் எந்த அழைப்பில் வந்தார் என்பது எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது, நான் மட்டும் கார்த்திக்கின் குரலை அதன் சொந்தக்காரரிடம், அன்று மழையில் நின்ற அந்த மனிதரிடம், கேட்டுத்தான் பாவிக்கிறேன், இதை எழுதுவதற்கும் அப்படியே.